விசாரணைக் கூடத்தில் ஒரு பூனை

பூனை இருக்கும் வீட்டில் மேசை விளிம்பில் எதையும் வைக்கக் கூடாது. இது தெரியாமல் நான் மூன்று மூக்குக் கண்ணாடிகளைப் பறிகொடுத்தேன். எதுவும் தவறி விழுந்ததல்ல. எங்கள் வீட்டு ஆண்பூனை என் முகத்தைப் பார்த்துக்கொண்டே கண்ணாடியை முன்காலால் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தும். விளிம்பு வந்ததும் ஒரு நொடி நிறுத்தும். பிறகு தள்ளிவிட்டு, விழுந்ததை எட்டிப் பார்க்கும். என் மனைவி அதற்கு 'மேனேஜர்' என்று பெயர் வைத்திருந்தாள். ஒரு வேலையும் செய்யாமல் எல்லோர் வேலையையும் மேற்பார்வை பார்க்கிறதாம்.

ஐயா, நடந்ததை என் கைப்பட எழுதித் தரச் சொன்னீர்கள். நல்லதுதான். நேற்று உங்கள் எழுத்தர் எடுத்த குறிப்பு எனக்குத் திருப்தியாக இல்லை. நான் நிறுத்திய இடங்களை விட்டுவிட்டார். நான் சொல்லாத இடத்தில் 'வருத்தத்துடன்' என்று ஒரு வார்த்தையைச் சேர்த்துவிட்டார். குறை சொல்வதாக நினைக்க வேண்டாம். இருபது வருஷம் இதே தொழில் பார்த்தவனுக்குக் கண் அங்கேதான் போகும்.

விசாரணைகளின் ஒலிப்பதிவை வீட்டில் உட்கார்ந்து கேட்டு எழுத்தாக்குவது என் வேலை. காதில் ஹெட்போன், காலடியில் ஒரு மிதி. மிதியை அழுத்தினால் பதிவு ஓடும். காலை எடுத்தால் நின்று, இரண்டு வினாடி பின்னால் போகும். காதில் விழுந்தது எல்லாம் தாளுக்கு வர வேண்டும் என்பதுதான் விதி. சாட்சி இருமினால் அடைப்புக்குறிக்குள் 'இருமல்'. பேசாமல் இருந்தால் 'அமைதி, நான்கு வினாடி'. வாயிலிருந்து வரும் சொல்லை விட, இந்த அடைப்புக்குறிகளுக்குள்தான் பல நேரம் உண்மை இருக்கும். இப்போது அந்த வேலையை மூளை செய்வதில்லை. காது கேட்கும், விரல் அடிக்கும், அவ்வளவுதான்.

இந்த வேலைக்கு அமைதி வேண்டும். மேனேஜருக்கோ படுக்க வேறு இடம் இல்லாத மாதிரி அந்த மிதிதான் வேண்டும். விலை கொடுத்து வாங்கிய மெத்தை மூலையில் கிடக்க, அது வந்த அட்டைப்பெட்டிக்குள் ஒரு வாரம் படுத்தது. அப்புறம் மிதிக்கு வந்துவிட்டது. பாலம் இடிந்த வழக்கில் ஒரு பொறியாளர், "அப்பவே நான் சொன்னேன்" என்பதை அது புரண்டு படுத்த தோதில் பதின்மூன்று தடவை சொன்னார். இன்னொரு நாள் விசைப்பலகையில் நடந்துபோனது. அரை வரிக்கு 'ங' விழுந்த தாள் அப்படியே அலுவலகத்துக்குப் போய், அங்கே சரிபார்க்கும் அம்மா போன் செய்து சிரித்தார். நான் சிரிக்கவில்லை.

வீட்டிலிருந்த இன்னொரு பூனை 'பொடிசு'. கறுப்பு, உள்ளங்கை அகலம்தான் முகம். கிண்ணத்தில் வைத்த தண்ணீரைத் தொடாது, குழாயைச் சொட்ட விட்டால்தான் குடிக்கும். மலம் கழிக்க வைத்த மண்தட்டில் போய் வந்த கையோடு வீட்டை மூன்று சுற்று தலைதெறிக்க ஓடும். வெறும் சுவரைக் கால் மணி நேரம் பார்த்துக்கொண்டிருக்கும். இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொண்டேன். ஒட்டகத்துக்கு இடம் கொடுத்த கதையாக, என் நாற்காலி போனது, கட்டிலில் என் பக்கம் போனது. கேட்டால், "அது பாவங்க, வாயில்லா ஜீவன்" என்பாள் என் மனைவி. அந்த வீட்டில் வாயில்லாத ஜீவன் நான் ஒருத்தன்தான் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை.

என் மனைவிக்குச் சிறு வயதிலிருந்தே சுகர். நாளுக்கு நான்கு ஊசி. ஊசி போட்டுக்கொண்டு சரியாகச் சாப்பிடவில்லை என்றால் சுகர் மளமளவென்று இறங்கிவிடும். உடனே இனிப்பு கொடுத்தால் பத்து நிமிஷத்தில் எழுந்துவிடுவாள். கொடுக்காவிட்டால் மயக்கம், நேரம் போனால் மூளை கெடும். இதெல்லாம் எனக்குக் கல்யாணத்துக்கு முன்பே தெரியும். பெண் பார்க்கப் போன அன்று அவளுடைய அப்பா தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். "நான் பாத்துக்கறேன்" என்றேன். பார்த்தும்கொண்டேன். மேலுதட்டில் வியர்வை அரும்பும். ஒன்றுமில்லாததற்குச் சண்டைக்கு வருவாள். அவளுக்குத் தெரிவதற்கு முன்பே எனக்குத் தெரிந்துவிடும். என் சட்டைப்பையில் எப்போதும் நான்கு குளுக்கோஸ் வில்லைகள் இருக்கும். துவைக்கப் போடும்போது பையைத் துழாவிப் பார்த்து எடுத்து வைப்பாள். பதினோரு வருஷத்தில் ஒரு தடவைகூட நான் தவறவிட்டதில்லை.

பொடிசு வந்து எட்டாவது மாதம் அது நடந்தது. மதியம் படுத்திருந்தவளின் வாயருகே மூக்கை வைத்து முகர்ந்ததாம், புருவத்தை நக்கியதாம், எழுந்திருக்காததால் கால் கட்டை விரலைக் கடித்ததாம். எழுந்து பார்த்தால் சுகர் பாதாளத்தில் இருந்திருக்கிறது. நான் அப்போது பக்கத்து அறையில்தான் இருந்தேன். அவள் தானாகவே சர்க்கரையை வாயில் போட்டுக்கொண்டு, பூனையைத் தோளில் சாய்த்தபடி வந்து நின்றாள்.

"பாத்தீங்களா, உங்களுக்கு முன்னாடி இது கண்டுபிடிச்சிருச்சு."

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். நானும் சிரித்தேன்.

அதற்குப் பிறகு நான்கு முறை. ஊரெல்லாம் அதே பேச்சு. அவள் காலையில் வேலை பார்க்கும் நூலகத்தில் பொடிசின் படத்தை மேசையில் வைத்திருந்தாள். மருந்துக்கடையில் வேலை பார்க்கும் அவளுடைய தங்கை பூனைக்கென்று மீன் வாங்கி வருவாள். எனக்கு ஒரு பிஸ்கெட் பொட்டலம்கூட வாங்கி வந்ததில்லை. ஒரு நாள் மேலுதட்டைப் பார்த்துவிட்டு நான் பைக்குள் கையை விட்டபோது, "சும்மா இருங்க, பொடிசு ஒண்ணும் சொல்லலையே" என்றாள். யானைக்கு ஒரு காலம் என்றால் பூனைக்கு ஒரு காலம் வரும் என்பார்கள். அந்த யானை அதற்கப்புறம் எங்கே போகும் என்று யாரும் சொல்வதில்லை. எனக்குப் பொறாமை இருந்ததா என்று நேற்று கேட்டீர்கள். இருந்தது. நாலு பேர் முன்னால் சொல்லிக்கொள்கிற மாதிரியான பொறாமையா அது? கல்யாணமான ஆண்பிள்ளை, ஒன்றரைக் கிலோ மிருகத்தோடு போட்டி போட்டான் என்றா சொல்வது?

அந்த மதியம் அவள் ஒரு மணிக்கு ஊசி போட்டுக்கொண்டாள். சாப்பாட்டில் பாதியை அப்படியே வைத்துவிட்டாள். "வயிறு ஒரு மாதிரியா இருக்கு, கொஞ்சம் படுத்துட்டு வந்து சாப்பிடறேன்" என்று உள்ளே போனாள். பொடிசு பின்னாலேயே போனது. நான் மேசைக்குப் போனேன். மாலை ஆறு மணிக்குப் போய்ப் பார்த்தபோது அவள் நினைவில்லாமல் கிடந்தாள். ஆம்புலன்ஸைக் கூப்பிட்டேன். மருத்துவமனையில் எல்லோரிடமும் ஒன்றைத்தான் சொன்னேன்: ஹெட்போன் போட்டிருந்தேன், எதுவும் கேட்கவில்லை. எல்லோரும் நம்பினார்கள். அவளுடைய தங்கை என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீங்க மனசைப் போட்டு உழட்டிக்காதீங்க அத்தான்" என்று அழுதாள்.

உயிர் தங்கியது. கண் திறக்கிறாள், ஊட்டினால் விழுங்குகிறாள். பேச்சு இல்லை. ஆளைத் தெரிகிறதா என்று யாராலும் சொல்ல முடியவில்லை. பூனைகளைத் தங்கை தன் வீட்டுக்குக் கொண்டுபோனாள். நான் ஐந்து மாதம் பார்த்துக்கொண்டேன். குளிப்பாட்டினேன், தலை வாரினேன், ஊசி போட்டேன். எந்த மருத்துவரை வேண்டுமானாலும் கேளுங்கள், முதுகில் ஒரு புண் வந்ததில்லை. உண்மையைச் சொல்வதென்றால், வீட்டில் அவ்வளவு நிம்மதி பல வருஷமாக இருந்ததில்லை.

அவள் விழுந்த அந்த வாரம் நான் அனுப்பிய தாள்கள் இத்தனை மாதம் கழித்துத் திரும்பி வந்தன. பாலம் வழக்கை மறுபடி எடுத்திருந்தார்களாம். சரிபார்க்கும் அம்மா பதினோரு இடங்களில் சிவப்பு மையில் வட்டம் போட்டு, ஓரத்தில் ஒரு குறிப்பும் எழுதியிருந்தார்: 'சார், விசாரணைக் கூடத்துல பூனை எப்படி வந்துச்சு? பதிவுல இல்லையே!' பக்கத்தில் சிரிப்பு முகம் ஒன்று வரைந்திருந்தார். உறை வந்தபோது நான் மனைவிக்குத் தலை துவட்டிக்கொண்டிருந்தேன். பார்க்க வந்திருந்த தங்கைதான் பிரித்தாள்.

'(பூனை கத்துகிறது).' '(கதவைப் பிறாண்டும் சத்தம்).' '(பூனை தொடர்ந்து கத்துகிறது, இருபது வினாடி).' ஒவ்வொரு வரிக்குப் பக்கத்திலும் அது அடிக்கப்பட்ட தேதியும் நேரமும் இயந்திரமே போட்டிருக்கும். முதல் குறிப்பு இரண்டு ஐம்பத்திரண்டு. கடைசிக் குறிப்பு ஐந்து நாற்பது. அவள் நின்றபடியே பதினொன்றையும் படித்தாள். பிறகு அக்காவைப் பார்த்தாள்.

"அத்தான், ஒண்ணுமே கேக்கலைன்னு சொன்னீங்களே."

நான் பதில் சொல்லவில்லை. அதைத்தான் நீங்கள் குற்றத்தை ஒப்புக்கொண்டதாக எடுத்துக்கொண்டீர்கள். எங்கள் கணக்கில் அது வெறும் அமைதி, ஆறு வினாடி.

இத்தனை வருஷப் பழக்கம் கவிழ்த்துவிட்டது. காதில் விழுந்ததை விரல் அடித்தது, என்னைக் கேட்கவில்லை. ஹெட்போனின் ஒரு பக்கத்தை அன்று நான் காதுக்குப் பின்னால் தள்ளி வைத்திருந்தேன். ஏன் என்று நேற்று கேட்டபோது, காது வலித்தது என்றேன். அது பொய். அதைக் குறிப்பிலிருந்து அடித்துவிடுங்கள்.

இரண்டு ஐம்பத்திரண்டுக்குப் பொடிசு படுக்கையறைக் கதவுக்கு உள்ளேயிருந்து கத்திப் பிறாண்டியது. அது எதற்கு என்று எனக்குத் தெரியும். மூன்று பத்துக்கு எழுந்து போனேன். அவள் ஒருக்களித்துப் படுத்திருந்தாள். மேலுதட்டில் மட்டுமல்ல, தலையணை வரைக்கும் வியர்வை. வில்லைகள் சட்டைப்பையில்தான் இருந்தன. கையை வைத்துப் பார்த்தேன், நான்கும் இருந்தன. பூனையைக் கழுத்துப் பிடியில் தூக்கிக்கொண்டுபோய்ப் பால்கனியில் விட்டுத் தாழ் போட்டேன். வந்து மேசையில் உட்கார்ந்தேன். பால்கனி என் அறையை ஒட்டியது. அதனால்தான் மற்ற குறிப்புகள் அத்தனை துல்லியமாக இருக்கின்றன.

அவள் சாக வேண்டும் என்று நான் நினைக்கவே இல்லை. என் நோக்கம் சிறியது. அந்தப் பூனை இல்லாமல் ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, அவளுக்குச் சுகர் இறங்க வேண்டும். தானாக எழ முடியாமல் அவள் என்னைக் கூப்பிட வேண்டும். நான் போக வேண்டும். எழுந்து உட்கார்ந்ததும் யார் வந்தது என்று அவள் பார்க்க வேண்டும். கணவனுக்கு இந்த அளவுகூட உரிமை இல்லையா? நான் அவளைவிட்டு எங்கும் போய்விடவில்லை. ஒரு காதைத் திறந்து வைத்துக்கொண்டு இருபது அடி தூரத்தில்தான் உட்கார்ந்திருந்தேன். நான்கு மணி வாக்கில் கட்டில் ஆடும் சத்தம் கேட்டது. அவளுக்கு உடம்பு தூக்கித் தூக்கிப் போடுகிறது என்று புரிந்தது. கூப்பிடுவதற்கு முந்திய நிலை அதுதான் என்று நினைத்துக்கொண்டேன். பால்கனிக் கதவைப் பிறாண்டியதில் பொடிசின் நகம் ஒன்று பிய்ந்துபோனதாகப் பிறகு தங்கை சொன்னாள். ஐந்து நாற்பதுக்கு அதுவும் ஓய்ந்தது.

இதற்கு மேல் நீங்கள் கேட்காத ஒன்று இருக்கிறது. கேட்கவும் முடியாது. அந்த அறையில் இருந்த இருவரில் ஒருத்திக்குப் பேச்சு இல்லை. ஆனால் காதில் விழுந்தது எல்லாம் தாளுக்கு வர வேண்டும்.

மூன்று பத்துக்கு நான் பூனையைத் தூக்கியபோது அவள் கண் திறந்தாள். என்னை நேராகப் பார்த்தாள். நன்றாக அடையாளம் தெரிந்த பார்வை. உதடு அசைந்தது. நான் குனிந்து, காதை அவள் வாயருகே கொண்டுபோனேன். கை பைக்குள் போயிருந்தது, ஒரு வில்லையைப் பிரித்தும்விட்டேன். அவள் மெதுவாகச் சொன்னாள்.

"பொடிசு."

கையை வெளியே எடுத்தேன். அறையை விட்டு வந்து, கதவைச் சத்தம் வராமல் சாத்தினேன். ஐயா, பதினோரு வருஷம் பக்கத்தில் இருந்தவன் அவளிடம் பெரிதாக ஒன்றும் எதிர்பார்க்கவில்லை. "ஏங்க" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். அதைச் சொல்ல அவளுக்கு நான் ஆறு மணி வரைக்கும் நேரம் கொடுத்தேன்.