கண்ணாடி நிலவின் ஒரே சாட்சி

நான் சிப்ஸில் வினிகர் ஊற்றிக்கொள்வதில்லை. உப்பு மட்டும் போதும். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் என் குளியலறைக்கு அந்தப் பாட்டில் எப்படி வந்தது என்று கமிட்டியாகிய நீங்கள் எப்படியும் கேட்கப்போகிறீர்கள்.

பதினோரு ஆண்டுகளாக நான்தான் நம் சங்கத்தின் தலைவர். மாதம் ஒரு சனிக்கிழமை மதியம், ஹாலிஃபாக்ஸில் இந்த மதுக்கடையின் மாடியறையில் கூடி, 'தொலைவானக் காவல்' தொலைக்காட்சித் தொடரில் எந்த அத்தியாயம் சிறந்தது, எது படுமோசம் என்று சண்டை போடுகிறோம். டெரிக் ஓல்ட்ராய்ட் மட்டும் எதிர்முகாம். அவருக்கு 'வால்வெள்ளிக் கப்பல்'தான் தொடர். இங்கே அவர் சண்டைக்காக மட்டுமே வருகிறார்.

"உங்க அரக்கன் திரும்பி நின்னா முதுகுல ஜிப் தெரியுதுய்யா," என்பார்.

"உங்க கப்பல் நாலு வருஷமா ஒரே பாறையைச் சுத்துது. பாறைக்கே மயக்கம் வந்திருக்கும்," என்பாள் நம் முகாமின் ஹேஸல்.

ஆனால் ஆண்டு வாக்கெடுப்பில் முதலிடம் எப்போதும் 'கண்ணாடி நிலவு' அத்தியாயத்துக்குத்தான். 1966இல் இங்கே ஒரே ஒரு முறை ஒளிபரப்பானது. பிறகு நிலையத்தார் அந்த ஒளிப்பதிவு நாடாவை அழித்து, அதன் மேலேயே ரோஜாச்செடி வளர்ப்பதைப் பற்றி ஏதோ பதிந்துவிட்டார்கள். நம் விதி நான்கு உங்களுக்குத் தெரியும். தொலைந்த அத்தியாயத்தைச் சிறந்தது என்று சொல்லலாம், மோசம் என்று சொல்லக் கூடாது. பார்க்காத ஒன்றைத் திட்டுவது பண்பல்ல. அந்த விதியை எழுதியது நான்.

சங்கத்தில் அதைப் பார்த்தவன் நான் ஒருவன்தான். அப்போது எனக்கு ஒன்பது வயது. ஒவ்வொரு கிறிஸ்துமஸ் விருந்திலும் எழுந்து நின்று, கேப்டன் நிலவிடம் விடைபெறும் அந்த நான்கு நிமிடப் பேச்சை நான் சொல்லிக்காட்டுவேன். டெரிக்கே மூக்கைச் சிந்துவார். "தொடர் குப்பைதான். ஆனா அந்தப் பேச்சு இருக்கே, தலைவரே," என்பார்.

துல்லியமாகச் சொன்னால், அன்று எனக்குப் பொன்னுக்கு வீங்கி. அம்மா என்னைப் படுக்கையை விட்டு எழ விடவில்லை. சுவருக்கு அந்தப் பக்கம் தொடக்க இசை கேட்டது. மீதியை நான் ஊகித்துக்கொண்டேன். ஆண்டுக்கு ஆண்டு என் ஊகம் மேம்பட்டது.

இனி ஹேஸல். அவளுடைய அம்மா டோரீன், 'கண்ணாடி நிலவு' அத்தியாயத்தில் கண்ணாடிப் பெண்களில் ஒருத்தியாக நடித்தவர். ஒரே ஒரு வசனம். ஹேஸலுக்கு மூன்று வயதாகும்போது இறந்துபோனார். அவளிடம் புகைப்படங்கள் இருக்கின்றன. குரல் மட்டும் எங்கேயும் இல்லை. அந்த ஒரு வசனத்தைக் கேட்பதற்காக ஆறு ஆண்டுகள் ஊர் ஊராகத் தொலைக்காட்சி நிலையங்களுக்குக் கடிதம் எழுதினாள். போன மாதம், மத்தியதரைக் கடல் தீவொன்றிலிருந்து ஓய்வுபெற்ற நிலைய ஊழியர் ஒருவர், அந்தக் காலத்தில் வெளிநாட்டு விற்பனைக்காக எடுத்த ஒரு பிலிம் சுருளை அனுப்பிவைத்தார். உலகத்தில் இருந்த ஒரே பிரதி.

புரொஜெக்டர் என்னிடம்தான் இருக்கிறது. திங்கட்கிழமை சுருளைக் கொண்டுவந்தாள். கோட்டைக்கூடக் கழற்றவில்லை.

"சனிக்கிழமை வரைக்கும் ஓட்டிடாதீங்க, கிளமென்ட். எல்லாரும் சேர்ந்து பார்க்கணும். தனியா அம்மா குரலைக் கேட்டா என்னால தாங்க முடியாது."

"நான் எதுக்கும்மா பார்க்கப்போறேன்? நான்தான் ஏற்கெனவே பார்த்தவனாச்சே."

செவ்வாய் மதியம் திரைச்சீலையை இழுத்துவிட்டுப் பார்த்தேன். சுருள் நல்ல நிலையில் இருக்கிறதா என்று சரிபார்ப்பது தலைவரின் கடமை. மிக நல்ல நிலையில் இருந்தது. அதுதான் பிரச்சினை.

நிலவு என்பது கவிழ்த்து வைத்த ஒரு பழக்கிண்ணம். அதன் விலைச்சீட்டைக்கூட யாரும் பிய்க்கவில்லை. அரக்கனின் காலில் நாடா கட்டிய காலணி. ஒரு நாடா அவிழ்ந்து கிடந்தது. விடைபெறும் பேச்சு இல்லை. கேப்டன் கிண்ணத்தைப் பார்த்தார். "சரி, கிளம்பலாம்," என்றார். முடிந்தது.

நீங்களே யோசித்துப்பாருங்கள். சனிக்கிழமை அதைத் திரையிட்டிருந்தால், விதி நான்கு அதற்கு மேல் அதைக் காப்பாற்றியிருக்காது. அடுத்த வாக்கெடுப்பில் படுமோசம் பட்டியலில் முதலாவது. இருபத்தாறு பேர் இத்தனை காலமாக நேசித்த ஒன்றை அவர்களிடமிருந்து பறிக்க எனக்கு மனம் வரவில்லை. என்னைப் பற்றி நான் யோசிக்கவே இல்லை.

குளியல் தொட்டியில் வெந்நீரும் சலவைச் சோடாவும் கலந்து சுருளைப் பிரித்துப் போட்டேன். சிறிது நேரத்தில் படங்கள் கழன்று சாம்பல் நிறக் கூழாக மிதந்தன. எதிர்பார்த்ததைவிட எளிதான வேலை. தொட்டியைத் தேய்த்துக் கழுவத்தான் நேரமானது. பழைய பிலிம் தானாகக் கெடும்போது புளித்த வாடை அடிக்கும், சேகரிப்பவர்கள் அதை வினிகர் நோய் என்பார்கள் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஆகவே தெருமுனை மீன் சிப்ஸ் கடையில் ஒரு பாட்டில் கேட்டு வாங்கி, காய்ந்த சுருள்மேல் தாராளமாகத் தெளித்தேன்.

சனிக்கிழமை ஹேஸல் டப்பாவைத் திறந்தாள். நான் தலையைக் குனிந்து, "வினிகர் நோய். நாம முந்தியிருக்கணும்," என்றேன். அவள் வெறும் பிலிமை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து, அடி அடியாக நகர்த்திப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

டெரிக் குனிந்து மோந்தார்.

"எங்க வீட்டுப் பரண்ல ரெண்டு சுருள் இந்த நோயில செத்துக் கிடக்கு. அந்த வாடை மூக்கை அறுக்கும். இதை மோந்தா எனக்குப் பசிக்குதே. யோவ் தலைவரே, இது மீன் கடை வினிகர்யா."

அங்கேதான் நான் தவறிவிட்டேன். வெறும் அமில வாடை அடிக்கும் வெள்ளை வினிகர் வாங்கியிருக்க வேண்டும்.

ஹேஸல் கத்தவில்லை. "அப்ப நீங்க ஓட்டிப் பார்த்துட்டீங்க," என்றாள்.

"ஆமாம்மா."

"எங்கம்மா என்ன சொன்னாங்க?"

டெரிக் கூடத் தொப்பியைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டார். நான் எழுந்து நின்றேன்.

"'விளக்கை அணைக்காதீர்கள். என் மகள் இன்னும் வழியில்தான் இருக்கிறாள்.' அப்படின்னாங்க. குரல் அப்படியே உன் குரல்தான்."

அவள் அதை டப்பாவின் மூடியில் எழுதிக்கொண்டாள். எழுதும்போது இரண்டு முறை பேனாவை நிறுத்தி, திருப்பிச் சொல்லச் சொன்னாள். சொன்னேன்.

பிலிமை அழித்தது நான்தான். எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். ஹேஸல் கீழே இருப்பதால் இன்னொன்றும் சொல்லிவிடலாம். டோரீன் திரையில் வந்தபோது நான் அரக்கனின் காலணியைப் பற்றிக் குறிப்பெடுத்துக்கொண்டிருந்தேன். அவர் என்ன சொன்னார் என்று கவனிக்கவில்லை. ஆனால் நிச்சயம் இவ்வளவு நன்றாக இருந்திருக்காது.