கேட்டு போட்டுட்டான்

இல்ல மேடம், கையெழுத்து போட மாட்டேன்னு நான் எப்ப சொன்னேன்? இன்னைக்குப் போட மாட்டேன்னுதான் சொன்னேன். போன தடவ வந்தப்பவும் அதத்தான் சொன்னேன், அதுக்கு முந்தின தடவயும் அதத்தான். நான் பேச்சு மாற மாட்டேன். உக்காருங்க. ஐயோ, அந்த நாற்காலி வேணாம், மெத்தையில ஊசி குத்தி வச்சிருக்கேன். இந்த ஸ்டூல்ல உக்காருங்க. துணி மூட்டைய காலால தள்ளி விடுங்க, எல்லாம் பள்ளிக்கூட யூனிபாரம்தான், மிதிச்சாலும் அழாது.

என்ன, கேட்டுல மாட்டிக்கிட்டீங்களா? இல்லையா? திறந்தே கிடந்துச்சா? பாத்தீங்களா, ரயில்வே கேட்ட ஒழிச்சுக் கட்டணும்னு பேப்பரத் தூக்கிக்கிட்டு நகராட்சிலேர்ந்து வர்றீங்க, உங்களுக்குக்கூட அது மரியாதையா வழி விடுது. நல்ல கேட்டு மேடம் அது.

தெரியும், தெரியும். தெரு முழுக்க சம்மதிச்சாச்சு, நான் ஒருத்திதான் பாக்கி. என்னாலதான் வேலையே நிக்குது. தண்டவாளத்து ஓரமா சுவர எழுப்பி, எங்க தெருவ முட்டுச்சந்தாக்கிட்டு, தலைக்கு மேல பாலம் கட்டப் போறீங்க. நல்ல திட்டம். முக்குல பெருசா பேனர் வச்சிருக்கீங்களே, நின்னு ரசிச்சுப் பாத்தேன். பாலத்து மேல நாலஞ்சு காரு, எல்லாம் வெள்ள காரு, ஒரு குப்ப இல்ல. ஓரமா ஒரு குடும்பம் சிரிச்சுக்கிட்டே நடந்து போகுது. எங்க போறாங்கன்னுதான் தெரியல. இந்தத் தெருக்காரங்க இல்ல, அது நிச்சயம். நாங்க பாலத்துல ஏறணும்னா மார்க்கெட்ட சுத்திப் போயி ஏறி, பஸ் ஸ்டாண்டுல இறங்கி, அப்புறம் அவ்வளவு தூரமும் திரும்பி நடந்து வரணும். எதுக்கு? இதோ, தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் கண்ணுக்கெதிர்ல இருக்கற கடையில நூல்கண்டு வாங்க. அப்படி நடக்கறவங்க மூஞ்சியில சிரிப்பு வராது மேடம்.

உங்க தலைவரும் வந்து பேசிட்டுத்தான் போனாரு. நெரிசலே இல்லாத ஊர் பண்ணிக் காட்டறேன்னாரு. அவரு பேசி முடிக்கற வரைக்கும் தெருவ அடைச்சு நாற்காலி போட்டிருந்தீங்க, மார்க்கெட் வரைக்கும் வண்டிங்க நின்னுச்சு. எங்க தெருவுல அவருக்குப் பேரு கத்திரிக்கோல். தப்பா எடுத்துக்காதீங்க, பாசமா வச்ச பேருதான். நான் தையக்காரி, காலைலேர்ந்து கத்திரியும் கையுமா கெடக்கறேன், ஆனா அவரு வெட்டின ரிப்பன் அளவுக்கு நான் துணி வெட்டினதில்ல.

நான் என்ன சொல்றேன்னா, கேட்டால ஜனங்களுக்குக் கஷ்டம்னு உங்களுக்கு யாரு சொன்னது? அது மட்டும் இல்லன்னா இங்க பாதிப் பேரு மானம் எப்பவோ கப்பலேறியிருக்கும். மருந்துக்கடைக்காரரு மத்தியானம் தூங்கி எந்திரிச்சு, மூஞ்சி கழுவி, நிதானமாத்தான் கடையத் திறப்பாரு. கேட்டா, கேட்டு போட்டுட்டான்னுவாரு. எதிர்வீட்டு வாத்தியாருக்கு வீடும் இந்தப் பக்கம், பள்ளிக்கூடமும் இந்தப் பக்கம். அவருக்கும் வாரத்துல ரெண்டு நாளு கேட்டு போட்டுடறான்! எங்க தெருவுல யாராவது பொய் சொன்னா, பொய் சொல்றான்னு சொல்ல மாட்டோம் மேடம். கேட்டு போடறான்னுதான் சொல்லுவோம். குழந்தைங்க வரைக்கும் அப்படித்தான். மிஸ், இவன் வீட்டுப்பாடமே எழுதல, சும்மா கேட்டு போடறான்னு போட்டுக் குடுக்குதுங்க. இத்தன பேரு பொழப்புல மண்ணப் போடப் போறீங்களே, கொஞ்சம் யோசிங்க.

அதெல்லாம் ஊரார் கதை, என் காரணத்தச் சொல்லணுமா? சரி, சொல்றேன். என் நாத்தனார் தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் இருக்கா. கார் வச்சிருக்கா. கேட்டு போட்டுட்டான் அண்ணி, அதான் வர முடியலன்னு போன் பண்ணுவா. ஐயோ, அப்படியாம்மா, உன்னப் பாக்காம கண்ணு பூத்துப் போச்சேன்னு நானும் சொல்லுவேன். போன வச்சிட்டு ரெண்டு பேரும் அக்கடான்னு காலை நீட்டிக்குவோம். இத்தன வருஷமா எங்களுக்குள்ள ஒரு சண்ட கிடையாது. நாளைக்குப் பாலம் வந்துச்சுன்னா சர்ருனு ஏறி சர்ருனு வந்து இறங்கிடுவா. என் சமையல்கட்ட எட்டிப் பாப்பா, டப்பாவெல்லாம் திறந்து பாப்பா. அப்புறம் குடும்பம் விளங்குமா?

சிரிக்கறீங்க. இது போதாதா? அப்ப தூசின்னு எழுதிக்கோங்க. இந்த ஜன்னலுக்கு நேரா ஒரு பழைய கிடங்கு இருந்துச்சே, ஞாபகம் இருக்கா? பாலத்துக்குத் தூண் நிறுத்தணும்னு இடிச்சுத் தள்ளினீங்களே, அதேதான். பாலம் வருமான்னே தெரியல, இடிக்கறதுல மட்டும் அவ்வளவு சுறுசுறுப்பு. நாள் முழுக்கத் தூசி. கல்யாணத்துக்குத் தச்சு வச்சிருந்த வெள்ள கவுனு ஒண்ணு சிமெண்டு மூட்ட மாதிரி ஆயிடுச்சு. ஆனா ஒண்ணு, குறையே சொல்லக் கூடாது, கிடங்கு போனதுக்கப்புறம் இந்த ரூமுக்கு நல்ல வெளிச்சம். கருப்புத் துணியில கருப்பு நூல் போட்டுத் தைக்கலாம், கண்ணு வலிக்காது. நகராட்சியால எனக்குக் கிடைச்ச ஒரே லாபம்.

திரையா? ஆமா, மூடித்தான் வச்சிருக்கேன். சாயங்கால வெயிலு மேடம், மூஞ்சில அடிக்கும். என்னது? வெயிலு பின்பக்கம் அடிக்குதா? அட, ஆமா. கெட்டிக்காரங்கதான் நீங்க. அப்ப இதுக்கும் தூசின்னே வச்சுக்கோங்க. பொழுது சாஞ்சா இழுத்து விட்டுட்டு, லைட்டப் போட்டுக்கிட்டுத் தைப்பேன். ஒரு பழக்கந்தான். வீட்டுக்காரருக்கு இதெல்லாம் தெரியாது. அவரு இந்த ரூமுக்குள்ளயே வர மாட்டாரு. கல்யாணமான புதுசுல ஊசி ஒண்ணு கால்ல ஏறிடுச்சு, அதுலேர்ந்து எதுன்னாலும் நிலைப்படியோட சரி. அங்க நின்னுக்கிட்டே சாப்பாடு ஆச்சாம்பாரு. நல்ல மனுஷன். அதிர்ந்து பேச மாட்டாரு.

இருங்க, அவருதான் கூப்பிடறாரு. ஹலோ. ம், சொல்லுங்க. ஓ. கேட்டு போட்டுட்டானா? கூட்ஸு வண்டியா? அது நீளமாத்தான் வரும். பரவால்ல, பரவால்ல, மெதுவா வாங்க. சாதம் சூடாத்தான் இருக்கு. ஆமா, நகராட்சி மேடம் வந்திருக்காங்க. அதே கையெழுத்துக்குத்தான். இல்ல இல்ல, போடல. சரி. வச்சிடறேன்.

பாருங்க, அவரும் போடாதன்னுதான் சொல்றாரு. வீடு என் பேர்ல இருக்கறதால தினம் ஒரு தடவ ஞாபகப்படுத்துவாரு. சாயங்காலமானா அந்தக் கேட்டுல நின்னு நின்னு காலு வீங்கற மனுஷன், அது அங்கயே இருக்கட்டும்ங்கறாரு. எவ்வளவு பெரிய மனசு பாருங்க. இந்த ஒரு விஷயத்துல நாங்க ரெண்டு பேரும் அப்படி ஒத்துமை.

உங்க கைக்குப் பக்கத்துலதான் இருக்கு, அந்தத் திரைய கொஞ்சம் விலக்குங்களேன். சும்மா விலக்குங்க. என்ன தெரியுது?

ஆமா. கம்பம் ரெண்டும் வானத்தப் பாத்துக்கிட்டு நிக்குது. சைக்கிள் போகுது, வேன் போகுது. கேட்டுக்காரரு ரூம் வாசல்ல உக்காந்து காது குடையறாரு. கூட்ஸு வண்டியக் காணோம் இல்ல? எனக்கும் கண்ணுல படல. கிடங்க இடிச்ச அன்னைக்குச் சாயங்காலம் இதே மாதிரி போன் வந்துச்சு, இதே ஜன்னல்ல நின்னுதான் பேசினேன். கேட்டு போட்டுட்டான்னாரு. நான் திறந்து கிடக்கற கேட்டப் பாத்துக்கிட்டே, சரி, மெதுவா வாங்கன்னேன். அதுக்கு முன்னாடி அத்தன வருஷமும் நம்பினேன் மேடம். நிம்மதியாத் தூங்கினேன். உங்க முன்னேற்றத்த நான் குறை சொல்லல, ஆனா ஒரு சுவர இடிச்சா பின்னாடி யாரு இருக்காங்கன்னு பாத்துட்டு இடிக்கணும்.

வேற வேலையா இருக்கலாம்னு நானும்தான் நினைச்சுக்கிட்டேன். யாரோ சிநேகிதன், ஒரு சீட்டாட்டம், என்னவோ ஒண்ணு. போன வாரம் துவைக்கறப்ப அவரு நீலச் சட்டையில ரெண்டாவது பட்டனப் பாத்தேன். நான் பட்டன் வச்சா நூல ரெண்டு கோடா நேரா ஓட்டுவேன். இது பெருக்கல் குறி மாதிரி குறுக்கும் நெடுக்குமா ஓடியிருக்கு. தையலு மோசமில்ல, அதையும் சொல்லிடறேன். நல்லா இறுக்கி, முடிச்ச உள்பக்கமா மறைச்சு, சுத்தமா வச்சிருக்கா. தையக்காரி புருஷனுக்கு வெளில பட்டன் வைக்கறாங்க. ஊருக்கெல்லாம் தச்சுக் குடுக்கறேன், இவரு நிலைப்படியில நின்னு நீட்டியிருந்தா நான் வச்சுத் தந்திருக்க மாட்டேனா?

புரியுது, நேரா கேட்டுடலாமேன்னு பாக்கறீங்க. கேட்டா சொல்லிடுவாரு, அதான் பிரச்சினையே. அவருக்குப் பெரிய பொய்யெல்லாம் வராது, கேட்டு ஒண்ணுதான் வரும். அவரு சொன்னதுக்கப்புறம் நான் இந்த வீட்டுல யாரு? எனக்குப் பயமா இருக்கு தங்கச்சி. கேட்டு இருக்கற வரைக்கும் நான் எதையும் கேக்காம இருக்கலாம். நீங்க அதத் தூக்கிட்டீங்கன்னா நான் கேட்டுத்தான் ஆகணும்.

ஏன், பேப்பர மடிச்சுப் பையில வைக்கறீங்க? இருக்கட்டும், அடுத்த வாரம் வருவீங்கல்ல. வந்துதானே ஆகணும், உங்க வேல அது.

ஷ், வண்டி சத்தம். அவருதான். இன்னைக்குக் கூட்ஸு வண்டி ரொம்பக் குட்டி போல, நீங்க இருக்கீங்கன்னு சொன்னதும் போயிடுச்சு. அந்தத் திரைய இழுத்து விடுங்க, ஓரம் வரைக்கும், ஆமா. கண்ணு ஒண்ணும் சிவக்கலையே எனக்கு? சரி. இப்ப நிலைப்படியில வந்து நிப்பாரு. நீங்களும் கேட்டுல மாட்டிக்கிட்டீங்களா மேடம்னு மரியாதைக்குக் கேப்பாரு. ஆமா சார், வர்றப்ப எனக்கும் போட்டுட்டான், அவ்வளவு நீளக் கூட்ஸுன்னு சொல்லிடுங்க. எனக்காக ஒரே ஒரு தடவ கேட்டு போடுங்க தங்கச்சி, கேட்ட எடுக்கறத அப்புறம் பாத்துக்கலாம்.