இடது வரிசைத் தீவனம்

முயலுக்குக் கசப்பு பிடிக்காதுங்க ஐயா. இதைத் தெரிஞ்சுக்கப் பெரிய படிப்பெல்லாம் வேண்டாம், பதினாறு வருஷம் கூண்டு கழுவினா போதும்.

எங்க ஆய்வுக்கூடத்துல இருபத்திநாலு முயல். எல்லாத்துக்கும் கொழுப்பு கலந்த தீவனம். ரத்தக்குழாய்ல அடைப்பு வரணுமே. இடது வரிசைப் பன்னிரண்டுக்கு மட்டும் தண்ணியில, கூடத்தை நடத்துற டாக்டரோட புது மருந்து. அடைப்பை அது மட்டுப்படுத்துதான்னு பார்க்கணும். ஆனா கசப்பு தாங்காம அதுங்க ரெண்டு வாய் நக்கிட்டுத் திரும்பிக்கும்.

"தண்ணி பாதிக்கு மேல மிஞ்சுது சார்"னு டாக்டர்கிட்டப் போய்ச் சொன்னேன். அத்தனை பேர் முன்னாடி சிரிச்சார். "கூண்டு கழுவுறவர் எனக்குப் பாடம் எடுக்குறாருப்பா."

மறுநாள்லேருந்து இடது வரிசைக்குக் கொழுப்பில்லாத சாதாத் தீவனம் போட்டேன். மிஞ்சின தண்ணியைக் கொட்டிட்டு, குடிச்சதுன்னு எழுதினேன். ரெண்டு தீவனமும் பார்வைக்கு ஒண்ணுதான். அவர் கூண்டுப் பக்கமே வரமாட்டார், நாத்தமாம். பதினாலு வாரம் கழிச்சு அறுத்துப் பார்த்தா, இடது வரிசையில ரத்தக்குழாய் எல்லாம் பளிச்சுனு இருந்துச்சு. டாக்டருக்குத் தலைகால் புரியல. எல்லாரும் போட்டோ எடுத்துக்கிட்டாங்க. என்னை மட்டும் கொஞ்சம் விலகி நிக்கச் சொன்னாங்க, விலகினேன்.

மருந்து மனுஷங்ககிட்டப் போகட்டும், அங்க ஊர் பார்க்க அவர் மானம் போகட்டும்னு காத்திருந்தேன். நியாயம்தானே?

மருந்தை மனுஷங்களுக்குக் கொடுத்துப் பார்க்குற சோதனைக்கு என் அண்ணனையும் கூப்பிட்டாங்க. அவருக்கு இதயத்துல ரெண்டு அடைப்பு. சேரணும்னா பழைய மாத்திரையை நிறுத்தணும். அண்ணன் என்னைத்தான் கேட்டார். "நீ கண்ணால பார்த்த மருந்தாச்சே, சாப்பிடலாமாடா?"

"தாராளமா சாப்பிடுண்ணே"ன்னேன். வேண்டாம்னு சொன்னா ஏன்னு கேட்பாரே. அவர் ஒருத்தருக்காக அத்தனை வாரப் பாட்டையும் பாழாக்க முடியுமா?

அஞ்சாம் மாசம், சாப்பிட உட்கார்ந்தவர் தட்டு முன்னாடியே சாய்ஞ்சுட்டார். அண்ணி ஆறுதலுக்கு என்னைத்தான் கூப்பிடுறாங்க. போய்ட்டுத்தான் வர்றேன்.

டாக்டர் என்ன எழுதினார் தெரியுமா? சாவுக்கும் மருந்துக்கும் சம்பந்தமே இல்லையாம். வயிறு எரியுதுங்க. அண்ணனையே கொடுத்தும் அந்த ஆள் மேல ஒரு கீறல் விழல. அதனாலதான் ஸ்டேஷனுக்கு நானே தேடி வந்தேன். தீவனத்தை மாத்தினது நான். அண்ணனைச் சாப்பிடச் சொன்னதும் நான். தெரிஞ்சேதான் சொன்னேன்.

எழுதிக்கோங்க. கோபத்துல செஞ்சான்னு மட்டும் போட்டுடாதீங்க ஐயா. எனக்கு யார் மேலயும் கோபமே கிடையாது.