மும்தாஜ் அக்காவின் துவா

மும்பை தாராவியிலிருந்து ஏர்போர்ட் பக்கம் போன பஸ்ஸில், முன் சீட்டில் இரண்டு பெண்கள். ஒருத்தி திடீரென்று சொன்னாள்:

“மும்தாஜ்க்கா, எம் மகள நான் என்ன இஸ்ரேல் ராணுவத்துக்கா அனுப்புனேன்? அங்க ஒரு வீட்டுல கிழவியக் குளிப்பாட்டி விடத்தானே அனுப்புனேன்!”

“தெரியும்ட்டி செல்வி. ஆனா காஸாவுல நடக்கது அநியாயம்னு நான் சொன்னதுக்கு நீ மூஞ்சியத் திருப்பிட்டுப் போனே. ரெண்டு மாசம் பேச்சே இல்ல.”

“பயம்க்கா. ராக்கெட் வருதுன்னு அவ பங்கர்ல உக்காந்திருந்தா. நீங்க அந்த ஊர ஏசுனா, எம் பிள்ளைய ஏசுன மாதிரி இருந்துச்சு.”

“இன்னைக்கும் ஏசுவேன். பச்சப் பிள்ளைங்க மேல யாரு குண்டு போட்டாலும் அநியாயந்தான். ஆனா இந்தச் சண்டை நிக்கணும்னு அல்லாகிட்ட தினமும் துவா கேட்டேன். காஸாப் பிள்ளைங்களுக்கும் உம் மகளுக்கும் சேர்த்து.”

“ரெண்டுக்கும் ஒரே துவாவா?”

“குண்டு நின்னாத்தானே ரெண்டு பேரும் தூங்க முடியும்?”

செல்வி கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தாள். அப்போது போன் அடித்தது. மகள் விமானத்திலிருந்து இறங்கிவிட்டாள். “எம்மா, வந்துட்டியா!” என்று செல்வி கத்தினாள். மும்தாஜ் போனைப் பிடுங்கினாள்.

“ஏட்டி, பெரியம்மா பேசுதேன். அங்கயே நில்லு, வந்துட்டோம். மட்டன் பிரியாணி பண்ணி வச்சிருக்கேன். வயிறாரச் சாப்பிடு. அதுக்கப்புறம் உங்கம்மாவும் நானும் விட்ட எடத்துலருந்து சண்டை போடணும்.”