மிக்சரா, கம்ப்யூட்டரா?

ஹலோ... ஹலோ... ஆங், ஜலீல்தான் பேசுறேன்... வலைக்கும் சலாம் மச்சான்... கேக்குது, கேக்குது, பேசு... இரு, ஒரு நிமிஷம். யோவ் வேலு! ஐஸ அப்பறமா ஒடைக்கலாம்யா, சிங்கப்பூர்லேர்ந்து போனு!... ஆங், ஐஸ் பேக்டரியிலதான் நிக்கிறேன். நம்மாண்ட வேற எங்க கீது போனு?

ஆமா... ஆமா, உன் தங்கச்சிக்கு வியாழக்கிழமை ஆபரேசன், மெட்ராஸ்ல... தொண்டையில கட்டி பெருசாயிடுச்சாம், குரல்வளையையே எடுக்கணும்னுட்டாங்க... உசுருக்கு ஒண்ணும் இல்லயாம். பேச்சுதான்... இனிமே வராதாம்... அழாத மச்சான். நீயே அழுதா நா எங்க போறது?

சரி, மெஷின் விஷயத்த சொல்லு... உங்கூட வேல செய்யிறவரு நாளைக்கே ஊருக்குக் கெளம்புறாரா?... ரெண்டுல ஒண்ணுதான் எடுத்தாருவாராமா? எதுன்னு இப்பவே சொல்லுன்னா எப்டி மச்சான்!

ஆமா, உன் தங்கச்சி அக்தர் பாடுனதெல்லாம் ஊட்லயே கேசட்டுல புடிச்சி வச்சிக்கீறேன். கல்யாணப் பாட்டு, தாலாட்டு, எல்லாம்... எங்க சுத்தமா கீது? ஒண்ணுல படகு எஞ்சின் சத்தம், ஒண்ணுல காத்து. அத்தொட்டுதான் சத்தத்த ஏத்தி எறக்கி சுத்தம் பண்ற மிக்சர் கேட்டேன். இத்தினி வருஷமா மைக் செட்டு வச்சிக்கீறவன். திருகுனா ஏறும், திருகுனா எறங்கும், அது எனக்குத் தெரியும். உப்புக்காத்துல கரகரன்னாலும் ஸ்பிரிட்டு போட்டுத் தொடச்சிக்குவேன்...

கம்ப்யூட்டரா?... ஆங்... ஆங்... டிவி மாதிரி பொட்டி... இன்னாது, பாட்டத் துண்டு துண்டா வெட்டலாமா? எங்க வேணா ஒட்டலாமா? நெசமாவா?... ஐயோ, சாயந்தரமானா இங்க பல்பே முணுக்கு முணுக்குன்னு எரியுது, அது எங்க ஓடும்? கெட்டுப்போனா மீஞ்சூர் வரைக்கும் தொறந்து பாக்க ஆளு கெடையாது... தெரியல மச்சான். எனக்கு ஒண்ணும் ஓடல.

இரு, இரு. ஒண்ணு கேக்குறேன், சிரிக்காத. ஒரு பாட்டுலேர்ந்து ஒரு எழுத்து, இன்னொண்ணுலேர்ந்து ஒரு எழுத்துன்னு எடுத்து ஒட்டி, அவ 'ஜலீல்'னு கூப்புடுற மாதிரி பண்ண முடியுமா?... ஆமாய்யா, எம் பேருதான்... இந்நாள் வரைக்கும் 'ஏங்க', 'இந்தாங்க', அவ்ளோதான்... கேக்காம இருப்பேனா? மைக்க வாயாண்ட வச்சி, ஒரே ஒரு தபா பேரச் சொல்லிக் கூப்புடுடின்னு கெஞ்சுனேன் மச்சான். புருஷன் பேர வாயால சொன்னா புருஷனுக்கு ஆயுசு கொறைஞ்சிடுமாம். அவ கெடக்குற கெடப்புல என் ஆயுசப் பாக்குறா...

செய்யுமா? கம்ப்யூட்டரு செஞ்சிடும்ங்கிறியா?... காசு முடியப்போவுதா? சரி, சரி, எதுன்னு சொல்லிடுறேன்... மச்சான், நீ அக்தர் கூடப் பொறந்தவன், நீயே சொல்லு. அவ அழுதுக்கினே மாட்டேன்னத மெஷின வச்சி சொல்ல வச்சா, அது தப்பு இல்லியா?... எனக்கு அந்தக் கொரலு வேணும் மச்சான்... வேணும்... ஹலோ?... கீறியா மச்சான்?... ஹலோ... ஹலோ...