பெருசா எதுவும் எரியலையே

டீ நன்றாக இருக்கிறது, ஐயா. எங்கள் நிலையத்தில் ஒரு டம்ளரை முழுதாகக் குடித்து முடித்த ஞாபகம் எனக்கில்லை. பாதியில் போன் வந்துவிடும். திரும்பி வந்து பார்த்தால் அதில் ஈ மிதக்கும்.

என் பெயர் கோதண்டம். வானகரத்தில் குடோன் முதலாளிகள் சங்கம் நடத்துகிற தீயணைப்பு நிலையத்தில் நான்தான் மூத்த ஆள். ஒரு தண்ணீர் வண்டி, ஒரு ஆம்புலன்ஸ், ஒரு தகரக் கொட்டகை. எல்லோரும் ஒப்பந்தத் தொழிலாளிகள். அரசாங்க வண்டி நெரிசலைத் தாண்டி வந்து சேரும்வரை தாக்குப்பிடிக்க வேண்டியது எங்கள் பொறுப்பு.

எதை வைத்துத் தாக்குப்பிடிப்பது என்று மட்டும் யாரும் சொல்லவில்லை. பூட்ஸ் ஷிப்டுக்கு ஷிப்டு கால் மாறும். முந்தின ஆளின் வியர்வை காய்வதற்குள் நம் காலை நுழைக்க வேண்டும். தண்ணீர்க் குழாயின் ஓட்டைகளில் லாரி டியூபை வெட்டிச் சுற்றியிருந்தோம். புகைக்குள் போகும்போது மாட்டுகிற முகமூடி இருந்தது ஒன்றே ஒன்று. அதன் ரப்பர் வெடித்து, காற்று கன்னத்தோரம் கசியும். அடுத்த ஷிப்டு ஆள் வராவிட்டால் வீட்டுக்குப் போக முடியாது. பெரும்பாலும் வரமாட்டான். ஆம்புலன்ஸ் நர்ஸ் சபீனாவுக்குக் கழிப்பறை கிடையாது. அதனால் அந்தப் பெண் வேலை நேரத்தில் தண்ணீரே குடிப்பதில்லை. கத்திரி வெயிலில் ஒருநாள் நோயாளியை ஏற்றும்போது அவளே சுருண்டு விழுந்தாள். நோயாளியின் மகன்தான் அவளைத் தூக்கி உட்கார வைத்தான்.

என் குரல் உயர்ந்தால் மன்னியுங்கள். நான் கோபத்தில் எதையும் செய்யவில்லை. அதை அப்படியே எழுதிக்கொள்ளுங்கள்.

மேனேஜர் கோகுல்நாத்திடம் பலமுறை போய் நின்றேன். அவர் கெட்டவர் இல்லை. நாற்காலி போட்டு உட்காரச் சொல்வார். கடைசியாகப் போனபோது சொன்னார்: "நான் மீட்டிங்ல என்னன்னு கேக்கறது, கோதண்டம்? நம்ம ஏரியாவுல பெருசா எதுவும் எரியலையே. எரியாத எடத்துக்கு எதுக்குப் புது வண்டிங்கறாங்க."

"எரிஞ்சா, சார்?"

"எரிஞ்சா அன்னிக்கே வாங்கிடுவாங்க," என்று சிரித்தார்.

நான் சிரிக்கவில்லை. அவர் உண்மையைத்தான் சொல்லியிருந்தார். தீயை வளரவிடாமல் இத்தனை வருடம் அணைத்து வந்தது எங்கள் தப்பு. ஒழுங்காக வேலை செய்ததால்தான் எங்களுக்கு எதுவும் கிடைக்கவில்லை.

பைபாஸ் ஓரம் ஒரு மெத்தைக் குடோன். ஞாயிற்றுக்கிழமை பூட்டியிருக்கும். பட்டப்பகலில், போகிறவர்கள் வண்டியை நிறுத்திப் படம் பிடிக்கிற நேரத்தில் அது எரிய வேண்டும். எல்லோர் கண்ணெதிரிலும் எங்கள் குழாய் வெடிக்க வேண்டும். தீயோடு வாழ்ந்தவனுக்கு அது பெரிய வேலையில்லை. மெல்லப் பற்றிக்கொள்ளும்படி வைத்துவிட்டு நிலையத்துக்கு வந்து உட்கார்ந்தேன்.

"இன்னா மாமே, மூஞ்சிய இப்டி வச்சிகினு கீறே? ஊட்ல சண்டையா?" என்று கேட்டான் அமல்ராஜ். என்னோடு ஒன்றாக வேலைக்குச் சேர்ந்தவன். என் மகள் பிறந்தபோது ரத்தம் கொடுத்தவன்.

நான் பதில் சொல்வதற்குள் போன் வந்தது.

நினைத்தபடியே நடந்தது. குழாய் வெடித்துத் தண்ணீர் ரோட்டில் ஓடியது. ஓடிவந்த கோகுல்நாத் நனைந்த சட்டையோடு விழித்துக்கொண்டு நின்றார். கூட்டம் படம் பிடித்தது. அப்போது மாடியிலிருந்து ஒரு பெண் அலறினாள்.

குடோன் பூட்டியிருக்கும் என்றுதான் சொன்னேன், ஐயா. ஆளில்லை என்று சொல்லவில்லை.

வயசான வாட்ச்மேன் உத்தமனும் அவர் மனைவி கன்னியம்மாவும் மாடி அறையில் குடியிருந்தார்கள். இடம் பார்க்கப் போனபோதே கம்பியில் சேலை காய்வதைக் கவனித்தேன். வேறு குடோனைத் தேடியிருக்கலாம்தான். ஆனால் யோசித்துப் பாருங்கள். வெறும் மெத்தை எரிந்தால் முதலாளிக்கு இன்சூரன்ஸ் வரும், எங்களுக்கு ஒன்றும் வராது. உள்ளே உயிர் இருந்தால்தான் ஊர் திரும்பிப் பார்க்கும். அவர்களைப் பத்திரமாக வெளியே கொண்டுவந்துவிடலாம் என்று நம்பினேன். அமல்ராஜ்மேல் எனக்கு அவ்வளவு நம்பிக்கை.

அவன் கன்னியம்மாவைத் தோளில் போட்டுக்கொண்டு வந்துவிட்டான். முகமூடியை அவளுக்கு மாட்டியிருந்தான். இருமிக்கொண்டே அதைக் கழற்றினான். "மாமே, பெருசு உள்ள கீது," என்று சொல்லித் தன் முகத்தில் மாட்டிக்கொண்டான்.

அது எங்கே கசியும் என்று எனக்குத் தெரியும். அவன் கையைப் பிடித்தேன். கோகுல்நாத் எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் பார்க்க வேண்டியதும் அதுதான். கையை விட்டுவிட்டேன்.

அவனையும் உத்தமனையும் அரசாங்க வண்டி ஆட்கள்தான் பிறகு தூக்கி வந்தார்கள். சபீனா அமல்ராஜின் அருகே மண்டி போட்டு ஆக்சிஜன் சிலிண்டரைத் திருகித் திருகிப் பார்த்தாள். "அண்ணா, இதுல காத்தே இல்லண்ணா," என்றாள்.

ஆகவே அமல்ராஜைக் கொன்றது நான் என்று எழுதாதீர்கள். தீ வைத்தேன், ஆள் இருப்பது தெரிந்தே வைத்தேன். அதுவும் உத்தமனின் சாவும் என் பேரில் இருக்கட்டும். அவனைக் கொன்றது அந்த வெடித்த ரப்பர். அதை மாற்றித் தராமல் மீட்டிங் போட்டு பிஸ்கட் தின்றவர்கள். அவர்களுக்கு ஏன் யாரும் விலங்கு மாட்டவில்லை?

இரங்கல் கூட்டத்தில் கோகுல்நாத் அழுதார். புது வண்டி வந்தது. ஆளுக்கொரு பூட்ஸ், ஆளுக்கொரு முகமூடி. இன்றைக்கு எங்கள் ஆட்கள் மூச்சு விட்டுக்கொண்டே புகைக்குள் போகிறார்கள். அமல்ராஜின் மனைவி வனஜாவுக்கு இதை யாராவது பொறுமையாக எடுத்துச் சொன்னால் புரிந்துகொள்வாள்.

ஆம்புலன்ஸ் மட்டும் இன்னும் பழசுதான். சபீனா இன்னும் தண்ணீர் குடிப்பதில்லை. கோகுல்நாத்திடம் அதற்கும் போய் நின்றேன். "ஒரே நேரத்துல பத்துப் பேர ஏத்தற மாதிரி இங்க என்ன நடந்துடுச்சு, கோதண்டம்?" என்றார்.

நீங்கள் என்னைப் பிடித்த அன்று கரையான்சாவடியில் எனக்கு என்ன வேலை என்று கேட்டீர்களே. ஒரு கல்யாண மண்டபத்தைப் பார்த்துவிட்டு வரப் போயிருந்தேன், ஐயா. சாப்பாட்டுக் கூடம் மாடியில் இருக்கிறது. இறங்குவதற்கு ஒரே படிக்கட்டுதான்.