வியாழக்கிழமைத் தண்ணீர்

மேடையில் அமர்ந்திருக்கும் வாய்க்கால் சங்கத் தலைவர் காசிமிரோ அவர்களே, பாதிரியார் அவர்களே, மண்வெட்டிகளைக் கதவோரம் சாய்த்துவிட்டுச் சேற்றுக் காலோடு எலோய்சா அக்காவின் நினைவுக் கூட்டத்துக்கு வந்திருக்கும் சான் லாசரோ வாய்க்கால் பங்காளிகளே, அனைவருக்கும் இந்தத் திபூர்சியோவின் வணக்கம்.

இதையெல்லாம் நான் முன்பே சொன்னேன். சொன்னேனா இல்லையா? இந்தக் குளிருக்கு மலையில் கோயில் மணி உயரத்துக்குப் பனி விழும் என்றேன்; விழுந்தது. தலைமதகைத் திறந்து புதுத்தண்ணீர் ஊருக்குள் வந்த பிறகுதான் எலோய்சா அக்கா கண்ணை மூடுவார் என்றேன், அப்படியே மூடினார். அவர் போனால் என் தோட்டத்து ஊற்றும் நின்றுவிடும் என்றேன். நின்றுவிட்டது.

யார் இந்த எலோய்சா அர்ச்சுலேட்டா? இருபத்திரண்டு ஆண்டுகள் முறைவைத்து வாய்க்கால் தண்ணீரைப் பங்கிட்ட நம் நீர்க்கட்டி! மலைச்சரிவில் வெள்ளைக் குதிரை போலப் பனி கிடக்கிறதே, அதன் கழுத்து உருகி அறுந்தால் ஆறு பாதியாகும் என்று கணக்கு வைத்தவர். அன்றே எல்லோர் முறையையும் குறைப்பார். முதலில் காய்கறிப் பாத்தி, பிறகு பழமரம், கடைசியில்தான் மாட்டுத்தீவனம். வாஷிங்டனிலிருந்து ஒரு பெரிய மனிதர் வந்து கெஞ்சியும் ஒரு நிமிடம் கூட்டித் தரவில்லை. நான் பக்கத்தில் நின்றேன்.

தலைமடை செனோவியோ ஒருமுறை நேரம் முடிந்தும் மடையை அடைக்கவில்லை. அக்கா என்ன செய்தார்? சமையலறை நாற்காலியைக் கொண்டுபோய் அவன் வாய்க்காலுக்குள் போட்டு உட்கார்ந்து, சுட்ட மிளகாயை மடியில் வைத்துத் தோல் உரித்தார். தண்ணீர் கழுத்துவரை. சரி, முழங்கால்வரை.

"கடிகாரம் நின்னுபோச்சுக்கா."

"தண்ணி நிக்கலையே. அதப் பாத்துக்க வேண்டியதுதானே."

செனோவியோ, சிரிக்கிறாயே, அன்று சிரித்தாயா?

இப்போது ஊற்று. ஒன்பது ஆண்டுகளுக்கு முன் அந்த வறட்சியில் கடைமடையில் என் நிலத்து மூலை நனைந்திருந்தது. சங்கக் கூட்டத்தில் எழுந்து நின்றேன். ஊற்று கண்டுவிட்டேன், எனக்கு முறை வேண்டாம், பக்கத்து ரமோனாவுக்கும் நானே தருகிறேன் என்றேன். கைதட்டினீர்கள். கடைமடை முறையைப் பட்டியலிலிருந்து அடித்தீர்கள். பாதிரியார் வந்து ஊற்றை ஆசீர்வதித்தார். ஊரே காய்ந்தபோது என் மிளகாய் என் உயரத்துக்கு நின்றது.

அக்கா இறந்த வாரமே அது வற்றியது. அங்கே சிலுவை நட வேண்டும் என்கிறார் காசிமிரோ. ரமோனாவின் ஆப்பிள் மரங்களோ பூவும் பிஞ்சுமாக நிற்கின்றன. பத்து நாளில் தண்ணீர் வராவிட்டால் அத்தனையும் உதிரும். ஆகவே அக்காவின் பெயரால் உறுதி எடுப்போம். சாப்பாட்டுக்கு முன்பே ரமோனாவின் முறையைப் பட்டியலில் ஏற்றுங்கள். அக்காவின் மண்வெட்டியோடு கடைமடையில் நான் நிற்பேன்.

காசிமிரோ என் காதோரம் குனிந்து கேட்கிறார்: "ஊத்துதான் திரும்பி வந்துருமேய்யா, முறை எதுக்கு?"

வராது காசிமிரோ. நான் கைதட்டு வாங்கிய மறுவாரமே அந்த மூலை காய்ந்துவிட்டது. அது வாய்க்கால் கரையின் கசிவு. திரும்பி வந்து முறை கேட்க எனக்கு வெட்கம். அக்கா மண்வெட்டியோடு வந்து பார்த்தார்.

"ஊர்ல சொல்லிராதக்கா," என்றேன்.

"நீ வாயால வெட்டுன ஊத்துல தண்ணி வராது தம்பி. நகரு."

என் நிலத்தை ஒட்டிய தன் வரப்பை வெட்டினார். ஒவ்வொரு வியாழனும் அவர் முறைத் தண்ணீர் வில்லோ மரங்களுக்குப் பின்னால் என் ஊற்றுக் குழிக்கு வந்தது. நீர்க்கட்டியின் நிலமே காய்கிறது என்று நீங்கள் கேலி செய்தீர்கள். நானும் செய்தேன். அவர் நம்மோடு சேர்ந்து சிரித்தார்.

நான் முன்பே சொன்னவை எல்லாம் உண்மை. ஒன்றைத் தவிர. அங்கே ஊற்று இருந்ததே இல்லை. பாதிரியாரே, நீங்கள் ஆசீர்வதித்தது எலோய்சாவின் வியாழக்கிழமையை.